சுவரா ஸ்டாண்டா

எங்கள் வீட்டுப் பழைய டிவிக்கு முன்பக்கத்தைவிடப் பின்பக்கத்தில்தான் வேலை அதிகம். முன்பக்கம் படம் காட்டியது, அதுவும் அரைமனதாக. வலது மூலையில் ஒரு பச்சை படர்ந்திருக்கும். அந்த மூலைக்கு யார் போய் நின்றாலும் பாசி பிடித்துவிடும். கதாநாயகிகள் எப்படியோ நடுவிலேயே நின்று தப்பித்துக்கொள்வார்கள். மாமியார் வேஷம் கட்டியவர்கள்தான் மூலையில் நின்று சதி செய்வார்கள், அதனால் அவர்கள் எப்போதும் பச்சையாகவே இருந்தார்கள். அத்தைக்கு, அதாவது என் கணவரின் அம்மாவுக்கு, அதில் குறை ஒன்றும் இல்லை. கெட்டவளை அடையாளம் காண சௌகரியம் என்பார்.

பின்பக்கம் சூடு தரும். சித்திரபுரத்தில் மழை பிடித்தால் வாரக்கணக்கில் ஒரு துணி காயாது. என்னுடைய ரிசார்ட் யூனிபார்ம் சாக்ஸ், அத்தையின் தலைத்துண்டு, குளியல் துண்டு எல்லாம் அந்தப் பின்முதுகில் கிடந்துதான் காயும். நாடகம் பார்க்க ஆளில்லாத நேரத்திலும் துணிக்காக டிவி ஓடிக்கொண்டிருக்கும். என் கணவர் ஊருக்கு வரும்போதெல்லாம், ஒருநாள் தீப்பிடித்து எல்லாரும் போய்ச் சேரப் போகிறோம் என்று திட்டுவார். திட்டிவிட்டுத் தன் பனியனையும் அதன் மேல் போடுவார்.

வீடு எங்களுடையது அல்ல. சித்திரபுரத்துக்கு மேலே ஒரு தேயிலை எஸ்டேட், அதில் ஒரு லயம். ஒரே கூரைக்குக் கீழே வரிசையாக வீடுகள், இரண்டு வீட்டுக்கு நடுவில் ஒரே சுவர். அத்தை கொழுந்து எடுப்பவர், அதனால் கம்பெனி கொடுத்த வீடு. இதே லயத்தில் மூன்று வாசல் தள்ளிப் பிறந்து, இந்த வாசலுக்கு மருமகளாக வந்தவர். மாமா இறந்து பல வருஷமாகிறது. என் கணவருக்கு மலைக்குக் கீழே, வெயில் கொளுத்தும் கஞ்சிக்கோட்டில் ஒரு இரும்பு ஆலையில் வேலை. எனக்குப் பக்கத்து ரிசார்ட்டில் வரவேற்பில் வேலை. நான் ஆனைக்கரைக்காரி. எங்கள் அப்பா ஏலத்தோட்டத்துக்குக் கூலிக்குத்தான் போனார், ஆனால் வீடு சொந்தம். கம்பெனி வீட்டுச் சட்டதிட்டமெல்லாம் கல்யாணத்துக்குப் பிறகு தெரிந்துகொண்டவை.

முக்கியமான சட்டம் இது. வீட்டில் ஒருவராவது எஸ்டேட்டில் வேலையில் இருக்க வேண்டும். அத்தை ரிட்டயர் ஆனால், அவருக்குப் பதிலாக இன்னொருவர் பேர் பதிய வேண்டும். இல்லாவிட்டால் வீட்டைக் காலி செய்து சாவியை ஆபீசில் கொடுக்க வேண்டும். போன மழைக்காலத்தில் அத்தைக்கு ரிட்டயர்மெண்ட் நெருங்கியது. என் கணவர் ஆலையை விட்டுவிட்டு வந்து செடிக்கு மருந்தடிக்கப் போவதில்லை. அதைத் தவிர்க்கத்தான் அவர் கஞ்சிக்கோட்டுக்கே ஓடினார். மிச்சம் இருப்பது நான்.

இதை என்னிடம் யாரும் நேராகக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நானும் நேராகப் பதில் சொல்லியிருப்பேன். என்னைச் சுற்றித்தான் பேசினார்கள். அத்தையின் சூப்பர்வைசர் என்னை வழியில் பார்த்து, "இப்பல்லாம் கத்திரி வச்சுத்தான் எடுக்கிறோம், கையால கிள்ளுற கஷ்டமெல்லாம் இல்ல" என்றார். நான் எதையும் விசாரித்திருக்கவில்லை. பக்கத்து வீட்டு அக்கா, டிகிரி படித்த பெண்கள் எத்தனை பேர் இப்போது மலைக்குக் கொழுந்தெடுக்கப் போகிறார்கள் என்று அடுக்கினார். என் கணவர் போனில், "நீ எப்படி நெனக்கிறியோ அப்படி" என்றார். அதைவிட எரிச்சலான வாக்கியம் ஒன்றை நான் இதுவரை கேட்டதில்லை.

கொழுந்து எடுப்பது கேவலம் என்று நான் நினைத்ததில்லை. அதில் வந்த சோற்றைத்தான் தின்கிறேன். எனக்கு அந்த வேலை பிடிக்காது, அவ்வளவுதான். மழையில் அட்டை ஏறிய காலோடு சரிவில் நிற்கப் பிடிக்காது. மேசைக்குப் பின்னால் நின்று, யானை எத்தனை மணிக்கு வரும் என்று கேட்கிற விருந்தாளிக்கு முகம் சுளிக்காமல் பதில் சொல்லப் பிடிக்கும். அந்த மேசையில் நான் நன்றாக இருந்தேன். வீடு போனாலும் ரிசார்ட் விடுதியில் தங்கிக்கொண்டு வேலையைத் தொடரலாம். ஆனால் அத்தையை இந்த மலையிலிருந்து இறக்கிக் கஞ்சிக்கோட்டில் ஒரு வாடகை அறையில் வைப்பதையும் என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. ஒரே ஒரு தடவை மகனைப் பார்க்க அங்கே போய், உடம்பெல்லாம் வேர்க்குருவோடு திரும்பி வந்து, "அங்க மனுசன் இருப்பானா?" என்று கேட்டவர் அவர்.

அத்தை மட்டும் ஒரு வார்த்தை பேசவில்லை. அது எல்லாவற்றையும்விட மோசம். அவர் சும்மா மழையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தால்கூட எனக்கு ஏதோ ஜாடை பேசுவதாகத் தோன்றியது.

இந்த நிலைமையில்தான் டிவி செத்தது. ஒரு சாயங்காலம் படம் சுருங்கி நடுவில் ஒரு கோடாகியது. பக்கவாட்டில் வழக்கமாகத் தட்டும் இடத்தில் தட்டினேன். கோடும் போய்விட்டது. அத்தை கொஞ்ச நேரம் கறுப்புத் திரையைப் பார்த்துவிட்டு, அதன் முதுகில் கிடந்த துண்டை எடுத்து உதறி மடித்தார்.

என் கணவர் அடுத்த வாரமே அடிமாலிக் கடையில் போனிலேயே பேசி, பெரிய தட்டை டிவி ஒன்றுக்கு ஏற்பாடு செய்துவிட்டார். மாதாமாதம் கட்டுகிற கணக்கு. "செவுத்துல மாட்டிருவோம். அம்மாவுக்கு அப்படித்தான் ஆசை" என்றார். ஆசை உண்மைதான். முழங்கால் வலிக்கு அத்தையை அடிமாலி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போன அன்று, காத்திருக்கும் ஹாலில் சுவரில் ஒரு டிவி மாட்டியிருந்தது. கீழே மேசை இல்லை, வயர் தெரியவில்லை. அத்தை வாயைத் திறந்தபடி பார்த்துக்கொண்டிருந்ததில், தன் பெயரைக் கூப்பிட்டது அவருக்குக் கேட்கவில்லை. ஜீப்பில் திரும்பும்போது, "போட்டோ மாட்டுன மாதிரில்ல இருக்கு" என்று இரண்டு தடவை சொன்னார். டாக்டர் முழங்காலைப் பற்றிச் சொன்னதை ஒரு தடவைகூடச் சொல்லவில்லை.

ஆனால் சுவரில் மாட்டுவதென்றால் நாலு பெரிய ஓட்டை போட வேண்டும். கடவுள் படத்துக்கு ஆணி அடிப்பதைக் கம்பெனி கண்டுகொள்ளாது. இது அப்படியல்ல. காலி செய்து போகிறவர்கள் யாரும் அப்படி ஓட்டை போடமாட்டார்கள். அதனால் என் கணவர் சொன்ன 'மாட்டிருவோம்' என்பது டிவியைப் பற்றியது மட்டும் இல்லை என்று எனக்கு நன்றாகத் தெரியும். அவருக்கும் தெரியும். டிவியை வைத்துக் காரியம் சாதிக்கப் பார்க்கிறார் என்று கோபமாக வந்தது. ஆள் நேரில் இருந்தால் கேட்டிருப்பேன். அந்தக் கோபத்தைப் பாத்திரம் தேய்க்கும்போது காட்டினேன்.

எனக்கு வாராந்திர லீவு விழுந்த நாளில் டிவி வந்தது. அதை மாட்டக் கடையிலிருந்து வந்தவர் அடிமாலிக்காரர், மலையாளமும் தமிழும் ஒரே தட்டில் பரிமாறுபவர். முதலில் பழையதை இறக்க வேண்டியிருந்தது. அவர் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம் பிடித்துத் தூக்கினோம். அத்தனை காலம் அத்தனை பேரைச் சிரிக்கவும் அழவும் வைத்த சாமான் என்பதெல்லாம் அப்போது தோன்றவில்லை. இடுப்பு பிடித்துக்கொள்ளும் என்றுதான் தோன்றியது. டிவி போன இடத்தில் சுவர் நல்ல நீல நிறத்தில் சதுரமாகத் தெரிந்தது. கம்பெனி ஆட்கள் வெள்ளையடிக்க வரும்போதெல்லாம் டிவியை நகர்த்தாமல் சுற்றி அடித்துவிட்டுப் போயிருக்கிறார்கள். கீழே தூசிக்குள் என் சாக்ஸ் ஒற்றைகள் சில கிடந்தன. ரிசார்ட் லாண்டரிக்காரனை நான் சந்தேகப்பட்டிருந்தேன்.

புதியதை அட்டைப்பெட்டியிலிருந்து எடுத்தபோது அத்தை சுவரோரம் ஒதுங்கி நின்றார். இத்தனை மெல்லிசாக இருந்தால் துணியை எங்கே காயப் போடுவது என்று கேட்டார். வந்தவர் சிரித்தார். அத்தை சிரிக்கவில்லை, நிஜமாகத்தான் கேட்டிருந்தார்.

"சேச்சி, சுவத்துல மாட்டணோ, ஸ்டாண்ட் மதியா, போதுமா?" என்று வந்தவர் என்னைக் கேட்டார்.

நான் அத்தையைப் பார்த்தேன். அவரே ஸ்டாண்டைப் பொருத்திப் பழைய மேசைமேல் வைத்துப் பார்த்தார். புது டிவியின் கால்கள் இரண்டும் இரண்டு கோடியில் இருந்தன. மேசைக்கு அவ்வளவு நீளம் இல்லை. ஒரு கால் மேசையில் நின்றால் மற்றது அந்தரத்தில் நின்றது. "இது நடக்காது. சுவருதான்" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு, துளை போடும் இடம் கெட்டியாக இருக்கிறதா என்று பார்க்கச் விரலை மடக்கிச் சுவரைத் தட்டினார். டொக் டொக்.

லயத்தில் சுவரைத் தட்டினால் பக்கத்து வீட்டைக் கூப்பிடுவதாக அர்த்தம். மோர் இருக்கிறதா என்று கேட்க, மாத்திரை வாங்க, சும்மா பேச, எல்லாவற்றுக்கும் தட்டுவதுதான் வழக்கம். அக்கா ஈரக்கையோடு வாசலில் வந்து நின்றார்.

"கூப்பிட்டீகளா மதினி?"

"நாங்க கூப்பிடல. டிவிக்காரரு தட்டுனாரு" என்றார் அத்தை.

அக்கா புது டிவியைப் பார்த்தார், துளைபோடும் மிஷினைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார். முகம் மலர்ந்துவிட்டது. "செவுத்துலயே மாட்டப் போறீகளா? அப்ப மருமக பேர் பதியப் போறான்னு சொல்லுங்க! எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லலியே!"

வந்தவர் மிஷினின் வயரைக் கையில் வைத்துக்கொண்டு, செருக எங்கே இடம் என்று தேடிக்கொண்டிருந்தார். அவருக்கு அடுத்த வீட்டுக்குப் போக வேண்டும். அத்தை என்னைப் பார்க்கவில்லை, அந்த நீலச் சதுரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் அங்கே மனசுக்குள் டிவியை மாட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்று எனக்குத் தெரிந்தது. ஆஸ்பத்திரி ஹாலில் இருந்த அதே முகம். அந்த முகத்தைப் பார்த்ததும் மாதக்கணக்காக நான் பிடித்துவைத்திருந்த வீம்பு அவிழ்ந்துவிட்டது. போகட்டும், மாட்டுங்கள் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

"ஸ்டாண்டுலயே வைங்க தம்பி" என்றார் அத்தை.

வந்தவர் மேசையைக் காட்டினார். அத்தை அதைக் கேட்டுக்கொண்டிருக்காமல் அடுப்படிக்குப் போனார். தண்ணீர்ப் பானைகள் வைக்கும் நீள பெஞ்சு ஒன்று அங்கே உண்டு. பின்னாலேயே போனேன். அவர் ஏற்கெனவே ஒரு பானையை இறக்கிவிட்டிருந்தார்.

"அத்தே, செவுத்துலதான வேணும்னு சொன்னீக?"

"பானையப் பிடி" என்றார்.

இறக்கினோம். பெஞ்சைத் துடைத்து இரண்டு பேருமாகத் தூக்கிவந்து போட்டோம். டிவி அதன்மேல் பொருத்தமாக நின்றது. அக்காவுக்கு வாசலை விட்டுப் போக மனமில்லை. "அப்ப வீட்டக் குடுத்துருவீகளா மதினி? பொறந்து வளந்த எடத்த?" என்று கேட்டார். இப்போது அவர் குரலில் வம்பு இல்லை, பயம் இருந்தது. அவர் மகளும் தொடுபுழையில் படித்துக்கொண்டிருந்தாள்.

"கம்பெனி வீடு கம்பெனிக்குத்தான. நானா கட்டுனேன்?" என்றார் அத்தை. பிறகு என் பக்கம் தலையை மட்டும் ஆட்டிக் காட்டி, "அவளுக்கு வேல இருக்கு" என்றார்.

எனக்குப் பொலபொலவென்று கண்ணீர் வந்துவிட்டது. வெளியாள் இருக்கும்போது அழுவது எனக்கு அறவே பிடிக்காது. பழைய சாக்ஸுகளைப் பொறுக்கும் சாக்கில் குனிந்துகொண்டேன். நிம்மதியும் துக்கமும் சேர்ந்து வந்தால் எதற்கு அழுகிறோம் என்று பிரிக்க முடியாது. நான் பிரிக்கவும் முயலவில்லை.

வந்தவர் சானல்களை வரிசைப்படுத்திக் கொடுத்து, எக்ஸ்சேஞ்சுக்காகப் பழையதை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார். அத்தை கீழே பாயில் உட்கார்ந்து நாடகம் பார்க்க ஆரம்பித்தார். இந்த டிவியில் யாருமே பச்சை இல்லை. எல்லாருடைய முகத்திலும் பவுடர் முடிந்து கழுத்து தொடங்கும் கோடு வரைக்கும் தெரிந்தது. யார் கெட்டவள் என்று கொஞ்ச நேரம் அத்தைக்குப் பிடிபடவில்லை.

அப்போது போன் அடித்தது. கணவர்தான். ஷிப்ட் இடைவேளை, பின்னால் ஆலைச் சத்தம்.

"மாட்டியாச்சா?"

"இல்லங்க. ஸ்டாண்டுலதான் வச்சிருக்கு."

மிஷின் ஓடும் சத்தம் மட்டும் கேட்டது. நான் சொல்லித்தான் அப்படி வைத்தது என்று அவர் நினைத்திருக்கலாம். அத்தை சொன்னார் என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்தது, சொல்லவில்லை. கடைசியில் அவர் குரல் அடங்கி வந்தது. "சரி. அப்ப நான் இங்க வீடு பாக்கணும்."

போனைக் காதிலிருந்து எடுக்காமலே அத்தையிடம் திரும்பி, "வீடு பாக்காகளாம்" என்றேன்.

அத்தை திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"செவுத்துல ஓட்ட போட விடுற வீடாப் பாக்கச் சொல்லு" என்றார். "எனக்கு டிவி செவுத்துலதான் வேணும்."