வெட்டிய பதினோரு விநாடி

கத்திரி அக்காவுக்கு அந்தப் பெயர் தையல் வேலையால் வந்தது என்று நினைத்துவிடாதீர்கள். ஒரு ஊசியில் நூல் கோக்கக்கூட அவளுக்குப் பொறுமை கிடையாது. கல்யாண வீடியோ எடிட்டிங் செய்யும் கடையில் பதினெட்டு வருஷம் உட்கார்ந்திருந்தாள். மேடையில் மாமனார் வாயைப் பிளந்து கொட்டாவி விடுவார், வெட்டு. முன் வரிசையில் இடம் கிடைக்காத சித்தப்பா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வெளியே போவார், வெட்டு. அவள் கை பட்ட குடும்பங்கள் எல்லாம் வீடியோவிலாவது ஒற்றுமையாக இருந்தன. "நேர்ல அடிச்சிக்கட்டும், எனக்கென்ன? என் வீடியோவுல அடிச்சிக்கக் கூடாது" என்பாள்.

அப்புறம் ஆளாளுக்குப் போனிலேயே படம் பிடித்துக்கொண்டார்கள், கடையை மூடிவிட்டார்கள். வீட்டுக்காரர் பஸ் டிப்போவில் மெக்கானிக். அவர் சம்பளத்தில் குடும்பம் ஓடியது. ஆனால் அக்காவுக்குக் கை சும்மா இருந்தால் உடம்பு கேட்காது. அந்த நேரத்தில்தான் வாத்தியார் கூப்பிட்டனுப்பினார்.

வாத்தியார் முப்பது வருஷத்துக்கு மேல் பள்ளிக்கூடத்தில் சரித்திரம் நடத்தி ஓய்வு பெற்றவர். அவரும் அவருடைய நண்பர் ஒரு வக்கீலும் சேர்ந்து 'மாடி ரூம் பேச்சு' என்று இணையத்தில் ஒரு பாட்காஸ்ட் ஆரம்பித்திருந்தார்கள். ஒரு வாடகை மாடி அறை, சுவரெல்லாம் கம்பளிப் போர்வை, இரண்டு மைக். பேசும்போது ஃபேன் சத்தம் விழக்கூடாது என்று நிறுத்திவிடுவார்கள். இரண்டு பேரும் வியர்த்து வழிந்துகொண்டே நாட்டு நடப்பு பேசுவார்கள், சமூகம் எங்கே போகிறது என்று சண்டை போடுவார்கள். வக்கீல் தன் பங்கு முடிந்ததும் கிளம்பிவிடுவார். கடைசி இருபது நிமிஷம் வாத்தியார் தனியாக உட்கார்ந்து ஒரு சரித்திரக் கதையைத் தொடராகச் சொல்வார். சும்மா சொல்லக் கூடாது, ஜனம் அந்தக் கதைக்குத்தான் வந்தது. வக்கீலிடம் இதை யாரும் சொல்லவில்லை.

அக்காவின் வேலை இரண்டரை மணி நேரப் பேச்சை ஒன்றரை மணி நேரமாக ஆக்குவது. வக்கீல் மேசையைத் தட்டுவது, வாத்தியாரின் 'அதாவது பார்த்தீங்கன்னா', இருமல், பெருமூச்சு எல்லாம் போய்விடும். வெட்டிய இடம் எது என்று பெரிய ஆள் வந்து கேட்டாலும் கண்டுபிடிக்க முடியாது. அதில் அவளுக்கு இருந்த கர்வம் கொஞ்சநஞ்சமல்ல.

வாத்தியார் ஒவ்வொரு வாரமும் கதையைத் தொடங்குவதற்கு முன் இரண்டு தடவை தொண்டையைச் செருமிக்கொண்டு ஒன்று சொல்வார். "நேயர்களே, இது முழுக்க என் கற்பனை. இப்படி ஒரு கோட்டையும் இல்லை, இந்த மனிதர்களும் இருந்ததில்லை." செருமலோடு சேர்த்துப் பதினோரு விநாடி. எத்தனை பேர் எதுவரை கேட்கிறார்கள் என்று கம்ப்யூட்டரில் ஒரு கோடு வரும். அந்தப் பதினோரு விநாடியில் கோடு பொத்தென்று விழுந்தது. கற்பனை என்றதும் பாதிப் பேர் நழுவிவிடுகிறார்கள்! அக்கா யோசிக்கவே இல்லை. கதை கதைதானே, இதைக்கூடவா சொல்லித் தர வேண்டும் என்று வெட்டினாள். மறுவாரம் கோடு அசையாமல் நின்றது. அதற்கப்புறம் இருபத்தாறு வாரமும் வெட்டினாள்.

வாத்தியாருக்கு இது தெரியாது. தன் குரலைத் தானே கேட்க அவருக்குக் கூச்சம். "தகர டப்பாவை உருட்டின மாதிரி இருக்கும்மா" என்று சொல்லி, ஒரு நாள்கூடக் கேட்டதில்லை.

கதை இதுதான். கோட்டையை எதிரி மாதக்கணக்கில் முற்றுகை இட்டிருக்கிறான். கதவு அசையவில்லை. கடைசியில் கோட்டையின் பூட்டுக்காரனே இரண்டாவது சாவி ஒன்று செய்து எதிரியிடம் கொடுத்துவிடுகிறான். கொடுப்பதற்கு முன் சாவியின் மேல் மூன்று தடவை ஊதுவான். அந்த ஊதலை வாத்தியார் மைக்கின் பக்கத்தில் வாயை வைத்து ஊதிக் காட்டினார். எடிட் செய்யும்போது அக்காவுக்கே மயிர்க்கூச்செறிந்தது.

ஒரு புதன்கிழமை காலை, மாடி அறைப் பூட்டு மக்கர் செய்தது. சாவி உள்ளே போகிறது, திரும்ப மாட்டேன் என்கிறது. அக்கா கீழே இறங்கி, வீட்டுச் சொந்தக்காரியான கீழ் வீட்டம்மாவிடம் சொன்னாள்.

"தெருமுனைக் கடை பூட்டுக்காரரைக் கூட்டிட்டு வர்றேம்மா. அஞ்சு நிமிஷ வேலை."

"ஐயையோ, அவனா? அவனை நம்ம கேட்டுக்குள்ளயே விடக்கூடாது. இந்தத் தெருவுல இப்ப யாருமே கூப்பிடறதில்ல."

"ஏன், திருடிட்டாரா?"

"அவங்க வம்சமே அப்படித்தானாம். கள்ளச்சாவி போட்டுக் கோட்டையையே திறந்து விட்டவங்களாச்சே! நம்ம வாத்தியாரே சொல்லியிருக்காரே, நீங்கதானே அதுல வேலை பாக்கறீங்க? அந்த மூணு ஊதல் கேட்டீங்க இல்ல? அவனும் அதே மாதிரி ஊதறான், பாத்திருக்கீங்களா?"

அக்காவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "அம்மா, அது கதைம்மா" என்றாள்.

"சரித்திரக் கதைதானே? நானும் அதைத்தான் சொல்றேன்" என்று கீழ் வீட்டம்மா உள்ளே போய்விட்டாள்.

அக்கா ஓட்டமும் நடையுமாக முனைக்குப் போனாள். கடையின் ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. வாசலில் தொங்கும் பெரிய தகரச் சாவியைக் காணோம், கொக்கி மட்டும் இருந்தது. உள்ளே பூட்டுக்காரர், நாற்பது வயது இருக்கும், அரங்களையும் சாவிக் கொத்துகளையும் அட்டைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தார். பூட்டு திறக்கணும் என்று அவள் சொன்னதும் திரும்பிப் பார்த்தார்.

"என்னையாக்கா கூப்பிடறீங்க?" என்று கேட்டார்.

மாடிக்கு வந்து, கதவின் முன் மண்டியிட்டு, பத்தே நிமிஷத்தில் திறந்துவிட்டார். தேய்ந்த சாவியை அரத்தில் இரண்டு இழுப்பு இழுத்தார். வழக்கம்போல் வாயருகே கொண்டுபோனவர் சட்டென்று நிறுத்தி, சட்டை நுனியில் துடைத்துக் கொடுத்தார்.

"தம்பி, கடையை ஏன் கட்டி வைக்கிறீங்க?"

"இந்த மாசத்தோட முடிச்சிக்கறேன்க்கா. ஒருத்தரும் வர்றதில்ல. பொண்ணை ஸ்கூல்ல டூப்ளிகேட்டுன்னு கூப்பிடறாங்களாம், போக மாட்டேங்கறா. வேற ஏதாவது வேலை பாக்கணும்."

"யாரோ என்னவோ சொன்னா, நீங்க ரெண்டு வார்த்தை திருப்பிக் கேட்க வேண்டாமா?"

"என்னன்னு கேக்கறது? உண்மையைத்தானே சொல்றாங்க" என்றார் அவர். "நானும் கேட்டேன்க்கா, நாலு தடவை. படிச்ச மனுஷன், சரித்திர வாத்தியார், அவர் பொய்யா சொல்லுவார்? எங்கப்பாவும் மூணு தடவைதான் ஊதுவார். ஏம்ப்பான்னு கேட்டா பழக்கம்டாம்பார். இப்பதானே தெரியுது, எங்கேர்ந்து வந்த பழக்கம்னு. எங்க முன்னோர் செஞ்ச பாவம், நான் யாரைக் குத்தம் சொல்ல?"

ஊர் நம்பியதைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம். இந்த மனுஷனே நம்பிவிட்டாரே! அக்கா அவரை இழுக்காத குறையாக உள்ளே கூட்டிப்போய் நாற்காலியில் உட்கார வைத்து, ஹெட்ஃபோனைத் தலையில் மாட்டினாள். வெட்டாத ஒலிப்பதிவு ஒன்றைத் தேடி எடுத்து ஓடவிட்டாள். செருமல், இன்னொரு செருமல், அப்புறம் வாத்தியாரின் குரல். இது முழுக்க என் கற்பனை.

அவர் ஹெட்ஃபோனை ஒரு பக்கம் விலக்கினார். "இது எப்ப பேசினது?"

"அன்னிக்கேதான். ஒவ்வொரு வாரமும் சொல்லியிருக்கார்."

"எனக்குக் கேக்கலியே?"

"நான் வெட்டிட்டேன்."

"ஏன்க்கா?"

"அது இருந்தா ஜனம் போயிடுது, தம்பி."

அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் அக்காவுக்குக் கொஞ்சம் மூச்சு வந்திருக்கும். "இன்னொரு தடவை போடுங்க" என்றார், போட்டாள். மூன்றாவது தடவையும் கேட்டார். பிறகு ஹெட்ஃபோனைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, "அப்ப எங்கப்பா சும்மாதான் ஊதினாரா?" என்று கேட்டார்.

"இரும்புத் தூள் போறதுக்கு ஊதியிருப்பார் தம்பி. வேற என்ன?" அக்கா அழுதுவிட்டாள்.

அந்த நேரம் பார்த்தா வாத்தியார் படியேறி வர வேண்டும்! பூட்டுக்காரரைப் பார்த்ததும் அவர் முகமெல்லாம் மலர்ந்தது. "அடடே, வாப்பா! உன்னைப் பாக்கணும்னு இருந்தேன். உன்னோட ஊதலைத்தான் கதையில போட்டேன், கேட்டியா? எல்லாரும் அதைத்தான் பேசறாங்களாம்!"

அக்கா எல்லாவற்றையும் சொன்னாள், எதையும் விடவில்லை. வாத்தியார் போர்வைச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். "நான் சொன்னேனே! வாரா வாரம் சொன்னேனே!" என்றார். வெட்டியது யார் என்று அக்கா சொன்ன பிறகும் கொஞ்ச நேரம் அதையே சொல்லிக்கொண்டிருந்தார். அப்புறம் பூட்டுக்காரரின் எதிரே உட்கார்ந்தவர், "உன்னைக் கேக்காம உன் மூச்சை எடுத்தது நான்" என்றார். பூட்டுக்காரர் தலையைக் குனிந்துகொண்டார்.

அந்த வாரம் நாட்டு நடப்பும் இல்லை, சண்டையும் இல்லை. வாத்தியார் மன்னிப்புக் கேட்டார். பிறகு, பிறந்ததிலிருந்து மைக்கைத் தொடாத கத்திரி அக்கா மைக்கின் முன் உட்கார்ந்தாள். "கோட்டைப் பூட்டுக்காரர் ரெண்டாவது சாவி செஞ்சு எதிரிகிட்ட கொடுத்தாரு. இப்படித்தான் கதையில வந்துச்சு. அது முழுக்க வாத்தியாரோட கற்பனை. அந்த உண்மையை உங்ககிட்டேர்ந்து மறைச்சது நான்தான். என்னை மன்னிச்சிடுங்க." மூக்கை உறிஞ்சினாள், இருமினாள், எதையும் வெட்டாமல் அப்படியே ஏற்றிவிட்டாள். பூட்டுக்காரர் பெட்டியைப் பிரித்து அரங்களைத் திரும்ப மாட்டினார் என்று கேள்விப்பட்டபோது அவளுக்கு ஒரு வாய் சோறு இறங்கியது.

நான்காம் நாள் காலை கீழ் வீட்டம்மா படியிலேயே அவளைப் பிடித்துக்கொண்டாள். முகத்தில் அப்படி ஒரு மரியாதை.

"தைரியசாலிதான் நீங்க! இப்படிப் பட்டுனு ஒத்துக்க யாருக்கு மனசு வரும்? எல்லா வாட்ஸப் குரூப்லயும் வந்துடுச்சு" என்று போனை நீட்டினாள்.

போனில் அக்காவின் குரல். "கோட்டைப் பூட்டுக்காரர் ரெண்டாவது சாவி செஞ்சு எதிரிகிட்ட கொடுத்தாரு. அந்த உண்மையை உங்ககிட்டேர்ந்து மறைச்சது நான்தான். என்னை மன்னிச்சிடுங்க." அவ்வளவுதான்.

அக்கா போனைப் பிடுங்கிக் காதோடு ஒட்டி வைத்துத் திரும்பத் திரும்பக் கேட்டாள். கொடுத்தாரு, அந்த உண்மையை. நடுவில் ஒரு மூச்சு, அதுவும் அவளுடைய மூச்சுதான். பதினெட்டு வருஷ அனுபவம் உள்ள காதுக்கே வெட்டிய இடத்தைக் கண்டுபிடிக்க முடியவில்லை.

"அம்மா, நடுவுல ரெண்டு வரியை எடுத்துட்டாங்கம்மா!"

"வெட்டியிருந்தா எங்களுக்குத் தெரியாதா? எவ்வளவு சுத்தமா இருக்கு!"

"முழுசா கேளுங்க, நான் போட்டுக் காட்டறேன்."

"முழுசா யாரு உக்காந்து கேக்கறது? எனக்கு வேலை இருக்கு."

அக்கா மாடி ஏறவில்லை. நேராக முனைக் கடைக்குப் போனாள். பூட்டுக்காரர் ஷட்டரைத் திறந்து ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார், கையில் போன் இருந்தது. கேட்டுவிட்டார் என்று முகத்திலேயே தெரிந்தது. இந்த முறை அவர் ஏன் என்று கேட்கவில்லை.

"எழுந்திரிங்க தம்பி. என்கூட வாங்க. வீடு வீடா போறோம். நான் நேர்ல நின்னு சொல்றேன். என் வாயை எவன் வெட்டறான்னு பாக்கறேன்."

"வேண்டாம்க்கா. விடுங்க."

"விட முடியாது!" என்று அவள் போட்ட சத்தத்தில் அவர் கருவிப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு எழுந்துவிட்டார்.

முதல் வீடு கீழ் வீடுதான். மணி அடித்ததும் கதவு நாலு விரல் அகலம் திறந்தது, உள்சங்கிலி மாட்டியிருந்தது. கீழ் வீட்டம்மா இடுக்கு வழியே பார்த்தாள். அக்கா அங்கேயே நின்று, பதினோரு விநாடியில் தொடங்கி எல்லாவற்றையும் மூச்சு விடாமல் சொன்னாள். கீழ் வீட்டம்மாவின் கண் அக்காவின் மேல் இல்லை, பூட்டுக்காரரின் பையின் மேலேயே இருந்தது. "எங்க வீட்டுக்காரர் வரட்டும், கேட்டுட்டுச் சொல்றேன்" என்று கதவைச் சாத்தினாள்.

பூட்டுக்காரர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "அக்கா, அந்தச் சங்கிலி நான் போட்டுக் கொடுத்தது. ஆறு வருஷம் இருக்கும். கீழ் ஸ்க்ரூ கழண்டு நிக்குது. யாராவது ஒரு தள்ளு தள்ளினா கையோட வந்துடும். நான் சொன்னா தப்பா எடுத்துப்பாங்க, நீங்க சொல்லிடுங்க."

அக்கா மறுபடியும் மணியை அடித்தாள்.