நர்ஸ் யூனின் பதினான்கு மாதங்கள்

டாக்டர் ஹான் நேற்று மாலை காலமானார். பிஸ்கட்டவே ஊரில் அவருடைய கிளினிக்கில் நான் ஒன்பது ஆண்டுகள் பணியாற்றியவள் என்பதால், காலையிலிருந்து பலர் எனக்கு ஆறுதல் செய்தி அனுப்பியவண்ணம் இருக்கிறீர்கள்.

அன்புகூர்ந்து நிறுத்துங்கள். எனக்கு ஆறுதல் தேவைப்படவில்லை.

நல்ல மருத்துவர். அதை மறுக்கும் அற்பத்தனம் என்னிடம் இல்லை... ஆனால் மற்றதையும் சொல்லியாக வேண்டும்.

மருத்துவர்கள் சொல்லிப் பதிவு செய்வதையும், கிறுக்கி வைப்பதையும் படிக்கத்தக்க ஆவணமாகத் தட்டச்சு செய்வது என் தொழில். நேர்காணலில் "எந்த காலேஜ்?" என்று கேட்டார், "பிளெய்ன்ஸ்பரோ லைப்ரரி, டாக்டர்" என்றேன். கல்லூரிக்குப் போகாமல், எங்கள் ஊர் நூலகத்தில் உட்கார்ந்து நானே கற்ற தொழில் இது.

சிரித்தார். அதற்குப் பிறகு யார் வந்தாலும், "இது மிஸஸ் ரஹீம், லைப்ரரி கிராஜுவேட்" என்றே அறிமுகம் செய்தார்... ஒன்பது ஆண்டுகளும், ஒருவரைக்கூட விடாமல்.

ஒருநாள் ஒரு நோட்டுப் புத்தகத்தின் ஒளிநகலை என் மேசைமேல் வைத்தார். அவருடைய தாத்தாவுடையது.

கொரியாவை ஜப்பான் கைப்பற்றியபின் மஞ்சூரியாவுக்குத் தப்பிச் சென்ற மருத்துவர்களில் அந்தத் தாத்தாவும் ஒருவர். அங்கே அவர் நடத்தியது பெயருக்குத்தான் மருத்துவமனை. விடுதலைப் போராளிகள் காயத்தோடு வந்து ஒளிந்த இடமும் அதுவே.

ஜப்பானியக் காவலர் கையில் சிக்கினாலும் எளிதில் புரியக் கூடாதென்று குறிப்புகளை ஆங்கிலத்தில் எழுதினார்களாம். துப்பாக்கிக் குண்டு பாய்ந்த ஒவ்வொருவரும் அந்த நோட்டில் "குதிரையிலிருந்து விழுந்தவர்"தான். குதிரை வாங்க வக்கில்லாத அத்தனை ஏழைகளும்!

விரல்கள் பனியில் கருகிப்போன ஒருவனைப் பற்றிய பக்கத்தை டாக்டர் ஹான் எனக்கு வாய்விட்டு வாசித்துக் காட்டினார். பாதியில் குரல் நின்றுவிட்டது... அன்று மட்டும் அந்த மனிதர்மேல் எனக்கு மரியாதை வந்தது.

தட்டச்சு செய்யத் தொடங்கினேன். எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு: ஆவணத்தின் அடியில் மருத்துவரின் இனிஷியல், ஒரு சாய்கோடு, அடுத்துத் தட்டச்சாளரின் இனிஷியல்.

கை பழகிவிட்டது. ஒருவரும் கேட்காமலேயே ஒவ்வொரு குறிப்பின் அடியிலும் தாத்தாவின் இனிஷியலைப் போட்டுக்கொண்டே போனேன்.

நூறு பக்கம் தாண்டிய பிறகே விழித்தேன். கையெழுத்துகள் இரண்டு.

ஒன்று மருந்தையும் அளவையும் எழுதி நிறுத்திக்கொள்ளும். மற்றது, வந்தவன் காலில் செருப்பு இருந்ததா, கடைசியாக என்று சாப்பிட்டான் என்பதையும் எழுதும்.

அந்த இரண்டாம் கையெழுத்து மட்டுமே இருந்த பக்கங்கள், தாத்தா சிறையிலிருந்ததாக டாக்டர் முன்பு சொல்லியிருந்த பதினான்கு மாதங்களுக்கு உரியவை. டாக்டர் மதிய உணவில் இருந்தபோது நோட்டை எடுத்துக்கொண்டு போய்க் கேட்டேன்.

"ஓ, அதுவா? அது நர்ஸ் யூன். தாத்தா உள்ள இருந்தப்போ கிளினிக்கை அவங்கதான் பாத்துக்கிட்டாங்க. குண்டு எடுக்கிறதுகூட அவங்கதான்."

"அப்புறம் அவங்க என்ன ஆனாங்க?"

"போலீஸ்காரங்க பிடிச்சுட்டுப் போனாங்க. திரும்பி வரல." சூப்பை ஒரு வாய் குடித்தார். "கல்யாணம் ஆகல, புள்ளைங்க இல்ல. கேக்கிறதுக்கு யாருமில்ல."

அவர் பேசியது ஆங்கிலத்தில். ஆனால் இதே அலட்சியத்தோடுதான்.

"பேரைப் போட்டுடலாமே, டாக்டர்."

"மிஸஸ் ரஹீம், கொரியாவில தாத்தாவுக்கு விடுதலைப் போராட்ட மெடலுக்கு அப்ளை பண்றேன். ரெண்டு பேர் எழுதினதுன்னு சொன்னா, எது யாரு எழுதினதுன்னு ஆயிரம் கேள்வி வரும். ஃபைல் அங்கயே நின்னுடும்."

நான் நகரவில்லை. அப்போது சொன்னார்...

"அதோட, ஒவ்வொரு பக்கத்திலயும் அவர் இனிஷியலைப் போட்டது நீங்கதானே? நான் போடச் சொல்லலையே."

என் பிழையையே எடுத்து என் வாயை அடைத்த சாமர்த்தியம்! இன்று நினைத்தாலும் உடம்பு எரிகிறது.

வீட்டில் சொன்னேன். என் கணவர், "அவரு குடும்பத்து மெடலு, அவரு வாங்கிட்டுப் போறாரு. உனக்கெதுக்குமா ஊர் வம்பு? கிரீன் கார்டு வர்ற நேரம்" என்றார்.

அடங்கிப் போனேன். தட்டச்சுப் பிரதி அப்படியே கொரியாவுக்குப் போனது.

பதக்கம் வந்தது. பக்கத்து ஊரான எடிசனில் விருந்து வைத்தார். தாத்தா சிறைப்பட்டிருந்த நாள்களிலும் மருத்துவமனைக் கதவு ஒருநாள்கூட மூடியதில்லை என்று மேடையில் முழங்கினார். யார் திறந்து வைத்தது என்று ஒருவரும் கேட்கவில்லை... நான் உட்பட.

மறுவாரம் வேலையை விட்டேன்.

இன்று காலை அவருடைய மகள் அழைத்தாள். "சனிக்கிழமை அப்பாவோட அஞ்சலி சர்வீஸ்ல நீங்க ரெண்டு நிமிஷம் பேசணும், மிஸஸ் ரஹீம். கிரேட் கிராண்ட்பாவோட நோட்டு உங்களுக்குத்தான் நல்லாத் தெரியும்."

"பேசுகிறேன். நர்ஸ் யூனைப் பற்றிப் பேசுகிறேன்" என்றேன்.

"யாரு அது?"

மகளுக்கே தெரியாது! சொன்னேன், முழுவதையும். "இது அதுக்கான இடமில்ல, ப்ளீஸ்" என்றாள்.

சரி. அதற்கான இடம் எதுவென்று எனக்குத் தெரியும்.

பதக்கம் வழங்கிய அலுவலகத்துக்கு மூன்று பக்கக் கடிதம் எழுதிவிட்டேன். எந்தெந்தப் பக்கங்கள் நர்ஸ் யூன் எழுதியவை என்று அன்றே நான் குறித்து வைத்திருந்த பட்டியலையும், பொய்யான இனிஷியலை இட்டவள் நானே என்ற ஒப்புதலையும் என் கையொப்பத்துடன் இணைத்திருக்கிறேன்.

என் மகள் வாசித்துவிட்டு, "மா, இதனால உனக்கு ட்ரபிள் வரலாம்" என்றாள். வரட்டும்.

பகல் பன்னிரண்டு மணிக்குத் தபாலில் சேர்த்தேன்.

டாக்டர் ஹான், இதை நீங்கள் உயிரோடு இருக்கும்போதே, உங்கள் முகத்தைப் பார்த்தே செய்திருக்க வேண்டும். செய்யவில்லை.

மலர்கள் அனுப்பவில்லை. சனிக்கிழமை வரவும் மாட்டேன்.

சென்று வாருங்கள்.