அசையக் கூடாது என்றார்கள்

மூன்றாவது முறை நான் உண்டானபோது எங்கள் வீட்டில் யாரும் இனிப்பு வாங்கவில்லை. முன்பு வந்த இரண்டும் ஐந்தாம் மாதத்தைத் தாண்டவில்லை. கர்ப்பப்பை வாய் பலவீனம், பாரம் ஏற ஏறத் தானாகத் திறந்துகொள்கிறது என்று சொல்லி, திருப்பதியில் ஒரு டாக்டரம்மா இந்த முறை முன்கூட்டியே தையல் போட்டார். போட்டுவிட்டு, "கதலகூடதம்மா" என்றார். அசையக் கூடாது.

சித்தூரில் எங்கள் வாடகை வீட்டின் பின்னறையில், கட்டிலின் கால்மாட்டுக்குச் செங்கல் வைத்து உயர்த்தினார்கள். தலை தாழ்ந்து கால்கள் மேலே இருக்க நான் படுத்துக்கிடந்தேன். பள்ளிக்கூடத்தில் நாள் முழுக்க நின்றபடியே பாடம் நடத்தியவள் நான். இப்போது ஒருக்களித்துப் படுத்துச் சாப்பிட்டேன். சோறு தொண்டையில் நின்று நின்றுதான் இறங்கியது. ஜன்னலைத் திறந்தால் பக்கத்து வீட்டின் பூசாத சுவர். தும்மல் வந்தால் உயிரே போய்விடும். மூக்கைப் பிடித்துக்கொண்டு, தையல் தாங்குமா என்று கண்ணை மூடிக் காத்திருப்பேன்.

என் கணவருக்கு மாம்பழக்கூழ் தயாரிக்கும் ஃபேக்டரியில் வேலை. அது சீசன் நேரம். வீட்டுக்கு வந்ததும் அறை வாசலில் நின்று, "ஒண்ணும் இல்லல்ல?" என்பார். "ஒண்ணும் இல்ல" என்பேன். எங்கள் பேச்சு அவ்வளவோடு முடிந்துவிடும். கூழின் புளித்த வாசனை மட்டும் கொஞ்ச நேரம் அறையில் நிற்கும்.

என்னைப் பார்த்துக்கொள்ள ஊரிலிருந்து அத்தை, அவருடைய அம்மா, வந்திருந்தாள். பெட்பேன் வைத்தாள், தலை வாரினாள், சோறு ஊட்டினாள். முகம் சுளித்ததே இல்லை. ஆனால் 'குழந்தை' என்ற சொல் மட்டும் அவள் வாயிலிருந்து வரவே வராது. ஜெபம் பண்ணும்போதுகூட, "இந்தப் பொண்ணுக்கு சொகத்த குடு ஆண்டவரே" என்று எனக்காக மட்டுமே கேட்பாள். ஈரத்துணியால் என் உடம்பைத் துடைத்துவிடும்போது, வயிறு வந்ததும் துணியை என் கையில் கொடுத்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொள்வாள். நானும் மேசையைத் துடைப்பதுபோல் அவசரமாகத் துடைத்துத் திருப்பிக் கொடுப்பேன். வயிற்றின் மேல் கையை வைத்தால் ஆசை வந்துவிடும். ஆசைப்பட்டு இரண்டு முறை தோற்றிருந்தோம்.

ஏழாம் மாதம் தொடங்கியிருந்தது. ஒரு மத்தியானம் படுக்கையில் ஈரம் பட்டது. ரத்தம். அத்தை உடனே அவருக்குப் போன் போட்டாள். சிநேகிதர் ஒருவரின் காரை வாங்கிக்கொண்டு அவர் ஓடிவந்தார். பின்சீட்டில் என்னைப் படுக்கவைத்து, என் கால்களை அத்தை தன் மடிமேல் தூக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"ஸ்பீட் பிரேக்கர் வருதும்மா" என்று அவர் ஒவ்வொன்றுக்கும் முன்னால் சொன்னார். அத்தை என் கால்களை இறுக்கிக்கொள்வாள். கார் ஊர்ந்து ஏறி இறங்கும். சந்திரகிரி தாண்டியதும் அவர் குரல் உடைந்துபோயிற்று. அதற்குப் பிறகு அத்தைதான் எட்டிப் பார்த்து, "வருதுடா, மெல்ல போடா" என்று சொல்லிக்கொண்டே வந்தாள்.

திருப்பதியில் ஸ்கேன் எடுத்தார்கள். துடிப்பு இருந்தது, தையலும் நின்றிருந்தது. ஆனால் இனி பிரசவம் வரை வீட்டுக்கு விட முடியாது என்றுவிட்டார்கள். பின்னறையிலிருந்து வார்டுக்கு மாறினேன், அவ்வளவுதான். அதே மல்லாந்த படுக்கை, மேலே வேறொரு ஃபேன்.

பக்கத்துக் கட்டிலில் புத்தூர்ப் பக்கத்துப் பெண். என்னைவிடச் சின்னவள். பிரஷர் ஏறி முகமெல்லாம் வீங்கியிருந்தது. அவள் நாள் முழுக்கத் தன் வயிற்றோடு பேசிக்கொண்டே இருப்பாள். பாதி தெலுங்கு, பாதி தமிழ். இட்லி வந்தால் வயிற்றைத் தட்டி, "இந்தா, துன்னு" என்பாள். எனக்கு எரிச்சலாக வரும். ஒருநாள் அவளே கேட்டாள்:

"ஏன்க்கா, உங்க கொழந்த மேல எதனா கோவமா? ஒரு வார்த்த பேச மாட்டேன்றீங்க. கைய கூட வெக்க மாட்டேன்றீங்க."

"பேசி இன்னா ஆவப்போவுது? நெலைக்குமோ நெலைக்காதோ."

"அத அப்பறம் பாக்கலாம்க்கா. இப்ப கீது இல்ல?"

அன்று அவள் தூங்கிய பிறகு, யாரும் பார்க்கிறார்களா என்று பார்த்துவிட்டு, கையை வயிற்றின் மேல் வைத்தேன். கொஞ்ச நேரத்தில் உள்ளேயிருந்து ஓர் இடி. இத்தனை நாளும் அது இடித்துக்கொண்டுதான் இருந்திருக்கிறது. நான்தான் வாயு என்றும் புரளல் என்றும் சொல்லித் தள்ளிவிட்டிருந்தேன். போர்வையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டு அழுதேன்.

அதற்கப்புறம் ஒருநாள் காலை என்னை ஸ்கேனுக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். திரும்பி வந்தபோது அவள் கட்டிலில் புது விரிப்பு போட்டிருந்தார்கள்.

"அத்த, அவ எங்க?"

"பிரசவம் ஆயிடுச்சி. நல்லா கீறா. வேற வார்டுக்கு போயிட்டா" என்றாள் அத்தை, தண்ணீர் பாட்டிலைக் கழுவப் போகிறவள்போல் எழுந்துகொண்டே.

"அத்த, என்ன பாத்து சொல்லு."

அவள் பாட்டிலைக் கீழே வைத்தாள். "அவ நல்லாத்தான் கீறா. புள்ளதான் தங்கல. உனுக்கு சொல்லக் கூடாதுன்னு நர்சம்மா சொன்னாங்க."

எழுந்து அவளிடம் போக வேண்டும் என்று உடம்பெல்லாம் துடித்தது. பத்துத் தப்படி தூரத்தில் எங்கோதான் இருந்திருப்பாள். ஆனால் என் கால்கள் என்னுடையவையாக இல்லை. "நீ போய் அவகூட உக்காரு" என்று அத்தையை அனுப்பினேன். அன்று அத்தை வெகுநேரம் திரும்பவில்லை. தனியாகக் கிடந்தபோது, வயிற்றின் மேலிருந்த கையை எடுத்துவிடத் தோன்றியது. இனி எதையும் எதிர்பார்க்க வேண்டாம் என்று தோன்றியது. 'இப்ப கீது' என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கையை எடுக்கவில்லை.

அத்தை வந்தாள். கண் சிவந்திருந்தது. என் பக்கத்தில் உட்கார்ந்து, முதல்முறையாகக் கேட்டாள்: "கொழந்த இன்னா பண்ணுது?"

"ஒதைக்குது."

அவள் கையை நீட்டினாள். நான் என் கையை நகர்த்தி இடம் விட்டேன்.

எட்டாம் மாதம் முடிவதற்குள் வலி வந்துவிட்டது. தையலை வெட்டினார்கள். பெண் குழந்தை. அழுகை பூனைக்குட்டி கத்துவதுபோல் மெலிசாக இருந்தது. உடனே கண்ணாடிப் பெட்டிக்குக் கொண்டுபோய்விட்டார்கள். அவர் போனில் படம் எடுத்து வந்து காட்டினார். குழாய்களுக்கு நடுவே அவள் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தாள். அதைப் பார்த்து நாங்கள் இருவரும் சிரித்தோம். சிரித்து எத்தனை நாள் ஆயிற்று என்று தெரியவில்லை.

அவள் பெட்டியை விட்டு வெளியே வந்தபின், வீட்டுக்குப் போகலாம் என்று டாக்டரம்மா சொன்ன அன்று, குழந்தையை அத்தை வாங்கிக்கொண்டாள். வாசல் வரை நான் நடந்துதான் போவேன் என்று அடம்பிடித்தேன். மாதக்கணக்கில் படுத்திருந்த கால்கள் சூம்பிப்போயிருந்தன. அவர் ஒரு பக்கம், சுவர் ஒரு பக்கம். வராண்டாவில் நான் தள்ளாடித் தள்ளாடி வருவதைப் பார்த்து, முன்னால் போய்க்கொண்டிருந்த அத்தை நின்று திரும்பினாள்.

"மெல்ல வா கண்ணு" என்றாள். "அவசரம் இன்னா?"