திரும்பவும் முதல் மணியிலிருந்து

ஹந்தானைத் தேயிலைத் தோட்டத்துக் கீழ் லயத்து வரிசை வீடுகளில், அந்தோனியம்மாவின் காம்பராவில்தான் மாலைச் செபமாலை நடக்கும். பறித்த கொழுந்தை எடை போட்டுவிட்டு வந்ததும் கால் கழுவி, மாதா படத்துக்கு விளக்கேற்றி, அவளே முன்செபம் சொல்வாள். அக்கம்பக்கத்துக் கிறிஸ்தவர்கள் பாயில் முழந்தாளிட்டுப் பின்செபம் சொல்வார்கள். மந்திரத்தில் அவள் ஒரு சொல்லும் தவறவிட்டதில்லை. ஆனால் செபமாலையின் ஒரு மணிக்கும் அடுத்த மணிக்கும் இடையில், அதே இராகத்தில், அடுப்படியில் நிற்கும் மருமகள் பெற்றீசியாவுக்கும் ஏதாவது ஏச்சு வந்து விழும்.

மகள் இல்லாத குறையைத் தீர்க்கும்படி பல வருஷம் மாதாவிடம் கேட்டிருந்தவள் அந்தோனியம்மா. மகன் இன்னாசி பெற்றீசியாவைக் கட்டிக்கொண்டு வந்த அன்று, கேட்டது கிடைத்துவிட்டதென்று லயம் முழுக்கச் சொல்லித் திரிந்தாள். அதன் பிறகு அந்தப் பெண்ணிடம் ஒரு நல்ல வார்த்தை சொன்னதில்லை. பெற்றீசியா எதிர்த்துப் பேசுகிறவளல்ல; மெல்ல மெல்லப் பேச்சையே குறைத்துக்கொண்டாள்.

1934ஆம் வருஷம், கண்டி டவுனில் தச்சுவேலை செய்த இன்னாசி குண்டசாலையில் ஒரு வீடு பார்த்தான். செபமாலை மாதமான ஒக்டோபர் முடிந்ததும் இருவரும் போய்விடுவதாகச் சொன்னான். தாய் காரணம் கேட்டபோது, வேலைக்குப் போய்வரக் கிட்ட என்றான். ஹந்தானையைவிடக் குண்டசாலைதான் டவுனுக்குத் தூரம் என்பது அவளுக்கும் தெரியும்.

அந்த வாரத்தில் ஒரு மாலை, செபத்தின் நடுவே குழம்பு கொதிக்கும் சத்தம் கேட்டது. "உப்புப் போட்டியா, எல்லாத்தையும் மறந்து தொலைக்கிற மூதேவி" என்று அந்தோனியம்மா செப இராகத்திலேயே இழுத்தாள். கண்மூடியிருந்தவர்கள் பழக்கத்தில், "அர்ச்சிஷ்ட மரியாயே" என்று பின்செபத்தை எடுத்துவிட்டார்கள். யாரோ சிரித்தார்கள். அடுத்த காம்பராவில் இருந்த நல்லம்மா, மாரியம்மனைக் கும்பிடுகிறவள், சுவருக்கு அப்பாலிருந்தே கேட்டாள்: "ஏன் அக்கா, மருமகள ஏசுறதுக்கும் ஒங்க மாதாவையா தொணைக்குக் கூப்பிடுறீங்க?"

அந்தோனியம்மாவுக்குச் சிரிப்பு வரவில்லை. தான் ஏசியதே அவளுக்குத் தெரிந்திருக்கவில்லை. பின்செபம் எழுந்த பிறகுதான் தன் சொல் தன் காதில் விழுந்தது. விரலை, பத்து மணி கொண்ட அந்தப் பத்தின் முதல் மணிக்குக் கொண்டுபோய், திரும்பவும் தொடங்கினாள்.

அதுவே அவளுடைய சட்டமாயிற்று. இடையில் ஒரு கடுஞ்சொல் வந்தால் அந்தப் பத்து செல்லாது. ஆரம்பத்தில் செபம் முடியவே முடியாது. வீடுகளில் சோறு ஆறிப்போயிற்று. புருஷன் யாகப்பர் முழங்காலைத் தேய்த்துக்கொண்டு, "ஏ புள்ள, மாதாவுக்கே நின்னு நின்னு கால் வலிக்கும்" என்றார். இரண்டு வீட்டார் வருவதை நிறுத்தினார்கள். அவள் விடவில்லை. மலையில் கொழுந்து எடுக்கும்போதும் ஏசுவதற்கு வாய் வந்தால், பெருவிரலால் சுட்டுவிரலை அழுத்திக்கொள்வாள், அங்கே ஒரு மணி இருப்பதுபோல. அந்த நேரத்துக்குள் சொல் அடங்கிவிடும். சில நாள் அடங்காது.

அடங்காத ஒரு நாளில், விறகு நனைந்ததற்காக நடுவாசலில் வைத்துப் பெற்றீசியாவை ஏசிக் கிழித்துவிட்டாள். மாலையில் எல்லோரும் முழந்தாளிட்டிருந்தார்கள். அந்தோனியம்மா முன்செபம் தொடங்காமல் எழுந்து அடுப்படிக்குப் போனாள்.

"ஒன்னய ஏசின வாயால மாதாவ வாழ்த்த முடியல, தாயி. நீ வந்து முன்செபம் சொல்லு. நான் பின்னால சொல்றேன்."

பெற்றீசியா கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். அவள் குரல் மெல்லியது. கேட்பதற்கு எல்லோரும் சற்றுக் குனியவேண்டியிருந்தது. அந்தோனியம்மா ஒரு சொல்லும் விடாமல் பதில் சொன்னாள். அன்றிலிருந்து ஒரு பத்து மாமியும் ஒரு பத்து மருமகளுமாகச் சொன்னார்கள். ஒக்டோபர் மாதத்தில் ஒரு பத்தும் திரும்பத் தொடங்கப்படவில்லை.

மாதக் கடைசியில் இன்னாசி வண்டி பேசிவிட்டு வந்து, சாமான்களைக் கட்டச் சொன்னான். பெற்றீசியா கொழுந்துக் கூடையின் கயிற்றை முடிந்துகொண்டிருந்தாள்.

"எனக்கு இங்க வேல இருக்கு. மாமி தனியா எப்படி அஞ்சு பத்தும் சொல்லுவாங்க? நீங்க வேணும்னா போய்ப் பாத்துட்டு வாங்க" என்றாள்.

அவள் அவ்வளவு நீளமாகப் பேசி இன்னாசி கேட்டு எத்தனையோ நாளாயிற்று. குண்டசாலை வீட்டுக்கு வேறு யாரோ குடிபோனார்கள்.

அடுத்த ஒக்டோபரில் மேல் லயத்தாரும் செபத்துக்கு இறங்கி வந்தார்கள். காம்பராவில் இடம் போதாமல் வாசலிலும் பாய் விரித்தார்கள். விளக்கேற்றியதும் அந்தோனியம்மா மருமகளைப் பார்த்துத் தலையசைத்தாள். பெற்றீசியா, வாசலில் கடைசிப் பாயில் இருந்தவர்களுக்கும் கேட்கும்படி, கணீரென்று தொடங்கினாள்.