மார்கழி வெயிலும் வாட்ஸ்அப் மூச்சும்

1. வராத கையெழுத்து

"ரீச்சர், டொக்டர் கையெழுத்துப் போடமாட்டன் எண்டிட்டார்."

நாங்கள் பிழைக்க வந்த இந்தத் தென்கோடி நாட்டில், த்ரீ கிங்ஸ் என்கிற பேட்டையில் நான் யோகா வகுப்பு எடுக்கிற ஹால் வாசலில் நின்று குலசிங்கம் இதைச் சொன்னார். யாழ்ப்பாணத்துக்காரர், ஒடாஹுஹு பக்கம் பஸ் ஓட்டுகிறார். நான் திருநெல்வேலிக்காரி, அதனால் அவரை அண்ணாச்சி என்பேன். "அண்ணை எண்டாக் காணாதோ?" என்று முதல் நாள் கேட்டார். பிறகு பழகிவிட்டது.

விஷயம் இதுதான். பஸ் லைசென்ஸைப் புதுப்பிக்க மெடிக்கல் முடிக்க வேண்டும். பிரஷர் எகிறிப்போய் நின்றிருக்கிறது. டாக்டர் மாத்திரையை மாற்றிக் கொடுத்து, கிறிஸ்துமஸ் லீவெல்லாம் முடிந்து திரும்ப வாருங்கள், அதுவரை பஸ் பக்கம் போகவேண்டாம் என்று சொல்லிவிட்டாராம்.

"வீட்டில இருந்து நான் என்ன செய்யிறது ரீச்சர்? பஸ்ஸில எண்டா இறங்கிற சனம் எல்லாம் தாங்க் யூ டிரைவர் எண்டு சொல்லிப்போட்டுப் போகும். வீட்டில ஆர் சொல்லினம்?"

பின்னால் யோகா மேட்டைத் தூக்கிக்கொண்டு வந்த அவர் மனைவி புவனா விடவில்லை. "நானும் மூண்டு நேரம் சமைச்சுப் போடுறன். எனக்கு ஆர் சொல்லினம்?"

சிரித்தோம். ஆனால் மனுஷன் முகம் வாடித்தான் கிடந்தது. அந்த சீட்டைவிட்டால் தனக்கு வேறு இடமில்லை என்று நினைக்கிற ஆள் அவர். அடுத்த தடவையும் கையெழுத்து வராவிட்டால் அந்த சீட்டே போய்விடும்.

2. நான் இல்லாத குரூப்

எனக்குள் ஒரு குடைச்சல் இருந்தது. என் வகுப்பு மெதுவான வகுப்பு. ஆஸ்பத்திரியில் பிசியோ பிரிவில் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவள் நான். முட்டி, முதுகு, பிரஷர் எல்லாம் பார்த்துத்தான் சொல்லிக்கொடுப்பேன். நாற்காலியில் காலைப் போட்டுப் படுப்பது, நிதானமாக மூச்சு விடுவது, இவ்வளவுதான். இதில் பிரஷர் ஏற வழியே இல்லை. ஆனால் அந்தக் கோடையில் எல்லாருமே சூடு சூடு என்று புலம்பினார்கள். ஒருத்திக்குக் கண் எரிச்சல், இன்னொருத்திக்குத் தலைவலி. கிளென்ஃபீல்டில் இருந்து வரும் ஐடி பொண்ணு வசந்திக்கு வாயெல்லாம் புண். எல்லாரையும் மோர் குடிக்கச் சொல்லியிருந்தேன்.

அன்றைக்கு வகுப்பைத் தொடங்காமல் கேட்டேன். "அண்ணாச்சி, வீட்டுல என்ன செய்யுதீங்க? மறைக்காம சொல்லுங்க."

"நீங்க சொல்லித் தந்ததுதான் ரீச்சர்."

"அதோட அந்த வாட்ஸ்அப் மூச்சும்" என்றார் புவனா.

"எந்த வாட்ஸ்அப் மூச்சு?"

வசந்திதான் மேட்டின் ஓரத்தைச் சுருட்டிக்கொண்டே வாயைத் திறந்தாள். "நம்ம குரூப்ல நான்தான் மேம் போட்டேன். ஊர்லேர்ந்து பெரியம்மா ஃபார்வேர்ட் பண்ணாங்க."

நம்ம குரூப்பாம். அதில் நான் இல்லை. டீச்சர் இல்லாமல் வகுப்புக்கு ஒரு குரூப் நடக்கிறது என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். சரி, போட்டுக்காட்டு என்றேன். கணீரென்று ஒரு ஆண் குரல். மார்கழிப் பனியில் உடம்பு குளிர்ந்துபோகுமாம். விடியற்காலையில் எழுந்து துருத்தி ஊதுகிற மாதிரி வேகவேகமாக மூச்சை இழுத்துத் தள்ள வேண்டுமாம். உடம்பு கணகணவென்று ஆகுமாம்.

குளிரில் நடுங்குகிறவனுக்கு அது சரி. பிரஷர் உள்ளவர் அந்தப் பக்கமே தலைவைத்துப் படுக்கக் கூடாது.

"நீங்களும் செய்யுதீங்களா அண்ணாச்சி?"

"ஓம். விடிய எழும்பி, திருவெம்பாவைக்குக் கோயிலுக்குப் போக முதல் செய்யிறனான். மார்கழியெல்லோ ரீச்சர்."

நான் போய் ஜன்னல் திரையை விலக்கினேன். இந்த நாட்டில் டிசம்பர் என்றால் நடுக்கோடை, வெளியே வெயில் கொளுத்துகிறது. கார் பார்க்கில் தார் இளகிக் கிடக்கிறது. எதிரே ஒரு குடும்பமே அரை டவுசரோடு நின்று குச்சி ஐஸை நக்கிக்கொண்டிருக்கிறது.

"அண்ணாச்சி, அவங்களுக்கும் மார்கழிதான்."

முதலில் சிரித்தது புவனாதான். "நான் அப்பவே சொன்னனான், வேர்த்து ஊத்துதப்பா எண்டு. மார்கழியில ஆருக்கும் வேர்க்காது எண்டு எனக்குப் பாடம் எடுத்தவர்." வசந்தி வாய்ப்புண்ணோடு சிரிக்க முடியாமல் சிரித்தாள். ஜனவரியில் பீச்சுக்குப் போய் முதுகு தோல் உரிய வருகிற ஜனம்தான். ஆனால் மார்கழி என்று ஒரு குரல் சொன்னதும் உடம்பு ஊருக்குப் போய்விடுகிறது. எனக்கு அவர்கள்மேல் கோபமே வரவில்லை. பாவமாகவும் பிரியமாகவும்தான் இருந்தது.

3. பஸ் விடுகிற மூச்சு

எல்லாரையும் அந்தத் துருத்தி மூச்சை நிறுத்தச் சொன்னேன். மாத்திரையை நிறுத்தவே கூடாது என்றும் சொன்னேன். அன்றிலிருந்து அண்ணாச்சிக்கு ஒரே வேலைதான், மெதுவாக மூச்சு விடுவது. ஆனால் நம்மாட்களுக்கு மெதுவாக என்றாலே ஏமாற்றிவிட்ட மாதிரி இருக்கும்.

"வேர்க்காட்டி அது எக்ஸர்சைஸோ ரீச்சர்?" என்பார். சவாசனத்தில் ஒற்றைக் கண்ணைத் திறந்து மற்றவர்கள் முடித்துவிட்டார்களா என்று பார்ப்பார். டைம்டேபிளை விரட்டியே பழகிய உடம்பு. அவர் மூச்சு அடுத்த ஸ்டாப்புக்கு ஓடும்.

"அவசரம் இல்ல அண்ணாச்சி, மெதுவா" என்று சொல்லிச் சொல்லி என் வாய் வலித்ததுதான் மிச்சம்.

ஒருநாள் வேறு மாதிரி கேட்டேன். "வயசானவங்க ஏறுறதுக்கு பொத்தானை அழுத்தி, காத்தை இறக்கி பஸ்ஸைத் தரைப் பக்கமா தாழ்த்துவீங்கல்லா, அப்ப பஸ் எப்படி மூச்சு விடும்?"

யோசிக்கவே இல்லை அவர். உதட்டைக் குவித்து, புஸ்ஸ்ஸ் என்று நீளமாக விட்டார். தோள் இரண்டும் தானாக இறங்கின. ஹாலில் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"அதேதான். கதவு திறக்கிற வரைக்கும் விடுங்க."

தைப்பொங்கல் கழிந்து ஒரு பகல் புவனா போன் செய்தார். "ரீச்சர், கையெழுத்துப் போட்டிட்டார். பிரஷர் மெஷினைக் கையில கட்டேக்க இவர் பஸ் மாதிரி புஸ் எண்டு விட, டொக்டர் ரியூப்பில காத்துப் போகுதாக்கும் எண்டு தடவிப் பாத்தவர்." மாத்திரைக்குப் பெரிய பங்கு உண்டு, நான் பீற்றிக்கொள்ளமாட்டேன். ஆனாலும் போனை வைத்ததும் எனக்குக் கண் கலங்கிவிட்டது.

புதிதாக வகுப்பெடுக்க வருகிற பிள்ளைகளுக்கு இதைத்தான் சொல்கிறேன். சொல்லிக்கொடுப்பதற்கு முன்னால், வீட்டில் என்ன செய்கிறார்கள் என்று கேளுங்கள். திட்டாமல் கேட்டால் சொல்லிவிடுவார்கள். அப்புறம் ஜன்னலைத் திறந்து காட்டுங்கள்.

பிப்ரவரியில் ஒருநாள் ஒடாஹுஹுவில் காய்கறிப் பையோடு பஸ்ஸைப் பிடிக்க ஓடினேன். வெயில் மண்டையைப் பிளந்தது. நாய் மாதிரி மூச்சு இரைத்துக்கொண்டு போய்ச் சேர்ந்தால், கிளம்ப வேண்டிய பஸ் கிளம்பாமல் நிற்கிறது. டிரைவர் சீட்டில் அண்ணாச்சி.

"அவசரமில்லை ரீச்சர். மெதுவா வாங்கோ" என்றார்.

சொல்லிவிட்டு ஒரு பொத்தானை அழுத்தினார். புஸ்ஸ்ஸ் என்று நீளமாக மூச்சை விட்டுக்கொண்டு பஸ் எனக்காகத் தாழ்ந்தது.

அவ்வளவு வயசொன்றும் எனக்கு ஆகிவிடவில்லை. ஆனாலும் இறங்கும்போது மற்றவர்களைவிடச் சத்தமாகவே சொன்னேன், தாங்க் யூ டிரைவர் என்று.