எடை விசில்

என் தகரப் பெட்டியில் பழைய சேலைகளுக்கு அடியில் ஒரு பித்தளை விசில் கிடக்கிறது. வாயில் வைக்கிற பக்கம் நசுங்கி, ஓரத்தில் பல் அழுந்திய பள்ளம் தெரியும். உள்ளே இருக்கும் உருண்டை அசையாது. ஊதினால் வெறும் காற்றுதான் வரும். பார்க்கிறவர்கள், இதை எதற்கு வைத்திருக்கிறாய், பழைய பித்தளைக்காரனிடம் போட்டால் ஒரு கரண்டியாவது கிடைக்குமே என்பார்கள். என் மாமனாரின் வாயிலிருந்து பற்களோடு சேர்ந்து விழுந்த விசில் அது. கரண்டிக்கு மாற்ற எனக்கு மனம் வரவில்லை.

மாமனார் எங்கள் எஸ்டேட்டில் கங்காணி. உடும்பஞ்சோலைப் பக்கம், ஏலக்காடுகள் முடிந்து தேயிலை தொடங்குகிற இடத்தில் இருந்தது அந்த எஸ்டேட். நான் சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து கல்யாணமாகி மலையேறியவள். எட்டாவது வரை படித்ததால் எனக்கு வாய் நீளம் என்பது அவர் கட்சி. நான் அவரை மாமா என்று கூப்பிடுவேன். மனதுக்குள் வேறு பல பெயர்களும் வைத்திருந்தேன். நல்ல உயரம், காக்கிக் கால்சட்டை, கையில் ஒரு காட்டுப் பிரம்பு, கழுத்தில் கறுப்புக் கயிற்றில் தொங்கும் அந்த விசில். கொழுந்து எடுக்கிற பெண்கள் இருபது முப்பது பேர் அவர் கைக்குக் கீழே. பிரம்புக்குப் பயப்படாதவள் அந்த மலையில் ஒருத்தியும் கிடையாது, நான் உட்பட.

கொழுந்து எடுக்கிறவளுக்கு நேரம் என்பது கங்காணியின் விசில்தான். கூடை நிறைந்ததா நிறையவில்லையா என்பது கணக்கில்லை. விசில் கேட்டால் எடைக்கு ஓட வேண்டும். நீளமாக ஒரு தடவை, குட்டையாக இரண்டு தடவை ஊதுவார். ஊதி முடித்துச் சுருட்டைப் பற்ற வைப்பார். சுருட்டு பற்றிக்கொள்வதற்குள் தராசடிக்கு வந்து சேராதவளின் கூடையைக் காலால் எட்டி உதைப்பார். விடியற்காலையிலிருந்து கிள்ளிய கொழுந்து சேற்றில் கொட்டிக் கிடக்கும். அன்றைய பாடு போயிற்று. எஸ்டேட்டின் வரிசை வீடுகளை லயம் என்போம்; பக்கத்து லயத்துப் பெரியக்கா ஒரு மழை நாளில் வழுக்கி விழுந்து பிந்திவிட்டாள். கூடையையும் உதைத்து, முழங்காலுக்குக் கீழே பிரம்பால் இரண்டு வைத்தார். தோல் கிழிந்து, மழைக்குச் சுற்றியிருந்த கம்பளியில் ரத்தம் ஊறியது. அதற்கப்புறம் பெரியக்கா பிந்தியதே இல்லை. விசில் சத்தம் பாதியில் இருக்கும்போதே அவள் காலை எடுத்து வைத்திருப்பாள். நாங்கள் அவளுக்குப் பின்னால். ஞாயிற்றுக்கிழமை லயத்தில் யாராவது பையன் விளையாட்டுக்கு ஊதினாலும் எங்கள் கை தலைக்குப் போய், முதுகுக் கூடையைத் தாங்க அங்கே மாட்டுகிற கூடைக்கயிற்றைத் தேடும். அப்படிப் பழக்கி வைத்திருந்தார்.

எமர்ஜென்சி வருவதற்குச் சற்று முந்திய காலம் அது. நாடு முழுக்க விலைவாசி ஏறியிருந்தது, ஆனால் மலைக்கு மேலே அது அரிசியே இல்லாமல் போவது என்று அர்த்தம். ரேஷனில் அளவைக் குறைத்தார்கள், பிறகு கடையையே பாதி நாள் பூட்டினார்கள். எஸ்டேட்டில் தந்துகொண்டிருந்த அரிசியும் நின்றது. பஞ்சப்படியைத் தர முடியாது, தேயிலைக்கு விலை இல்லை என்று துரை சொன்னதாக, எஸ்டேட் கணக்கெழுதும் ரைட்டர் வந்து சொன்னார். காலையிலும் கப்பைக்கிழங்கு என்கிற மரவள்ளி, ராத்திரியிலும் கப்பைக்கிழங்கு. என் மகளுக்கு அப்போது இரண்டு வயது. வயிறு மட்டும் முன்னால் தள்ளி, கால் இரண்டும் குச்சியாக இருந்தாள். சோறு என்ற சொல்லை அவள் அழுகைக்காகத்தான் கற்றுக்கொண்டாள் என்று எனக்குத் தோன்றும். அவளைத் தூக்கும்போதெல்லாம் யாரையாவது அடிக்க வேண்டும் போல் ஆத்திரம் வரும்.

அப்போதுதான் தாலுகா ஆபீஸுக்கு ஜாதை போவது என்று யூனியன் முடிவு செய்தது. ஊர்வலத்தை எங்கள் பக்கம் ஜாதை என்றுதான் சொல்வோம். என் வீட்டுக்காரர் ஃபேக்டரியில் கொழுந்து உலர்த்துகிற இடத்தில் வேலை பார்த்தார். யூனியனில் சேர்ந்தவர். லயம் லயமாகப் போய் ஜாதைக்கு ஆள் கூப்பிட்டவர்களில் அவரும் ஒருவர். ஜாதைக்கு முந்திய வாரம், வேலை விட்டு வரும் வழியில், எஸ்டேட் கொண்டுவந்து இறக்கியிருந்த அடியாட்கள் அவரைப் பிடித்து, வலது கையைக் கல்லின் மேல் நீட்டி வைத்து இரும்புக் கம்பியால் அடித்தார்கள். எலும்பு தோலைக் குத்திக்கொண்டு வெளியே நின்றது. மூங்கில் பத்தை வைத்துக் கட்டி வீட்டில் போட்டோம். அவர் கத்தின கத்தலில் பிள்ளை பயந்து அழக்கூட மறந்துவிட்டது.

மாமா வந்து மகனின் கையைப் பார்த்தார். வாசலில் நின்றுகொண்டு என்னைப் பார்த்து, "ஏட்டி, உம் புருசனுக்குப் பதிலா நீ கொடி பிடிக்கப் போறதாக் கேள்விப்பட்டேன். போனேன்னா இந்த நடைய மிதிக்காத. கையி ஒண்ணு போயிருச்சு, மண்டையும் போகணுமா?" என்றார்.

"அரிசி வாங்கித் தாங்க மாமா, நான் போகல" என்றேன். "தொரைகிட்ட நிக்கிறவுக நீங்கதான. ஒரு படி வாங்கித் தாங்க, ஒங்க பேத்திக்கு."

அவர் கை ஓங்கினார். அடிக்கவில்லை. பிரம்பால் கதவை ஓர் அடி அடித்துவிட்டுப் போனார். கதவுப் பலகையில் அந்த அடி விழுந்த இடம் வெகுகாலம் வெள்ளையாகத் தெரிந்தது. துரையிடம் அவர் அரிசி கேட்டாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. கேட்டிருந்தாலும் கிடைக்கவில்லை என்று மட்டும் தெரியும்.

தண்ணீர்க் குழாயடியில் எங்களுக்குள் இரண்டு நாளாக இதே பேச்சு. போனால் வேலையிலிருந்து பேர் வெட்டிவிடுவார்கள், பேர் வெட்டினால் லயத்து வீடு போகும், வீடு போனால் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு மலையிறங்கி எங்கே போவது? சில பேர் போகலாம் என்றார்கள், சில பேர் ஆண்கள் போகட்டும் என்றார்கள். பெரியக்காதான் முடித்து வைத்தாள். "எனக்கு மத்ததெல்லாம் தெரியாது. அந்த ஆபீசரு முன்னால போயி நின்னு, எங்க அரிசி எங்கய்யான்னு ஒரு தடவ கேக்கணும். கேட்டுட்டு வந்து மறுபடி கொழுந்து எடுப்பேன். இதுக்குப் போயி பேரு வெட்டுனா வெட்டட்டும்" என்று குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்தாள். அவ்வளவுதான், எல்லோரும் போவது என்று ஆகிவிட்டது. நான் பிள்ளையை அவள் அப்பாவின் முறியாத கைப்பக்கம் படுக்க வைத்துவிட்டுக் கிளம்பினேன்.

டவுனுக்குள் நுழைகிற வளைவில் போலீஸ் ரோட்டை மறித்து நின்றது. ஒரு பக்கம் கடைகள், இன்னொரு பக்கம் ரோட்டுக்குக் கீழே சரிவாக இறங்கும் தேயிலைக் காடு. மற்ற எஸ்டேட்காரர்கள், டவுன் சுமைத்தொழிலாளிகள் என்று நல்ல கூட்டம். யூனியன் தலைவர் கோட்டயம் பக்கத்துக்காரர், தமிழும் மலையாளமும் கலந்து பேசுவார். "பேடிக்க வேண்டாம், எல்லாரும் இங்ஙனயே இரியுங்கோ. ஒண்ணிச்சு இருந்தா போலீஸு தொடாது" என்றார். எங்கள் காட்டுப் பெண்களை முன்வரிசையில் உட்கார வைத்தார், பெண்களைப் பார்த்தால் கை ஓங்க மாட்டார்கள் என்ற நம்பிக்கையில். நல்ல மனுஷர்தான். ஆனால் போலீஸைப் பற்றி அவருக்குத் தெரிந்தது கொஞ்சம், எங்களைப் பற்றித் தெரிந்தது அதைவிடக் கொஞ்சம்.

பின்னாலிருந்து யாரோ ஒரு கல்லை எறிந்தான். ஒரு போலீஸ்காரரின் நெற்றியில் பட்டு ரத்தம் வந்தது. உடனே இன்ஸ்பெக்டர் விசிலை எடுத்து நீளமாக ஊதினார். டவுன்காரர்களுக்கு அதன் அர்த்தம் தெரியும். செருப்பை விட்டுவிட்டு ஓடினார்கள். தலைவரும் கூட்டத்தோடு தள்ளப்பட்டுப் பின்னால் போனார். நாங்கள் என்ன செய்தோம் தெரியுமா? எழுந்து விசில் வந்த பக்கம் நடந்தோம். அத்தனை பேரும். யாரும் சொல்லவில்லை, யாரும் யோசிக்கவில்லை. என் கை தலைக்குப் போய் இல்லாத கூடைக்கயிற்றைத் தேடியதை நானே உணர்ந்தேன். லத்தியோடு நிற்கிறவர்களை நோக்கி, எடைக்குப் போகிற வேகத்தில் போனோம். எல்லோருக்கும் முன்னால், எப்போதும் போல, பெரியக்கா.

அவர்களுக்கு நாங்கள் தாக்க வருவதாகத் தோன்றியிருக்கும். முதல் லத்தி பெரியக்காவின் உச்சந்தலையில் இறங்கியது. காய்ந்த விறகு பிளக்கிற சத்தம். அவள் விழவில்லை, நின்று, ஏதோ கேட்க வாயைத் திறந்தாள். இரண்டாவது அடி காதோடு விழுந்தது. அவள் கண் ஒன்று இருந்த இடத்தில் இல்லை. பிறகு எல்லாமே ஒரே அடி. என் தோளில், முதுகில், விரலில். விழுந்தவர்களின் வயிற்றில் பூட்ஸ் காலால் மிதித்தார்கள். ஒருத்தியின் தலைமயிரைப் பிடித்து ரோட்டில் இழுத்துக்கொண்டு போனார்கள். ரத்தத்தில் என் கால் வழுக்கியது. எந்தப் பக்கம் ஓடுவது என்று தெரியாமல் நாங்கள் ஒருவர் மேல் ஒருவர் மோதிக்கொண்டு அதே இடத்தில் சுற்றினோம்.

அப்போது தேயிலைக் காட்டுப் பக்கமிருந்து இன்னொரு விசில் கேட்டது. நீளமாக ஒன்று, குட்டையாக இரண்டு. அதை எந்தக் கூச்சலிலும் எங்களுக்கு அடையாளம் தெரியும். திரும்பிப் பார்த்தேன். ரோட்டோரக் கலுங்குப் பாலத்துச் சுவரின் மேல் மாமா நின்றுகொண்டிருந்தார். ஒரு கையில் பிரம்பு, மறு கை சரிவில் இறங்கும் ஒற்றையடிப் பாதையைக் காட்டியபடி, தராசடியில் நிற்கிற அதே நிலை. நாங்கள் ஓடினோம். அடிபட்டவள், நொண்டியவள், கண்ணில் ரத்தம் மறைத்தவள், எல்லோரும் அந்தச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டு ஓடினோம். பூட்ஸ் போட்டவர்களால் தேயிலைச் செடிகளுக்கு நடுவே எங்களைப்போல் இறங்க முடியாது.

அவரைக் கடக்கும்போது பார்த்தேன். இரண்டு போலீஸ்காரர்கள் அவர் மேல் பாய்ந்தார்கள். ஒருவன் லத்தியைக் குறுக்காகப் பிடித்து விசிலோடு சேர்த்து வாயில் அடித்தான். பற்கள் உடைந்தன. அவர் விசிலைத் துப்பவில்லை. இன்னும் மேலே ஆள் இருந்தார்கள் அல்லவா, மறுபடி ஊதினார். ரத்தம் நிறைந்து கொழகொழவென்று ஒரு சத்தம் வந்தது. அந்தச் சத்தத்துக்கும் இரண்டு பேர் இறங்கி வந்தார்கள். அடுத்த அடியில் தாடை உடைந்து, விசில் என் காலடியில் வந்து விழுந்தது. எடுத்து ரவிக்கைக்குள் போட்டுக்கொண்டு ஓடினேன்.

பெரியக்கா ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே செத்துப்போனாள். ஆபீசரிடம் அவள் கேட்க நினைத்ததைக் கடைசிவரை கேட்கவில்லை. போலீஸ் கேஸில் மாமாதான் முதல் பிரதி, அதாவது முதல் குற்றவாளி. விசிலடித்துப் பெண்களைப் போலீஸ் மேல் ஏவிவிட்டவர் அவராம்! பிரம்போடு என்னை இழுத்துப்போக வந்தவர் அவர். அதை அவர் ஜெயிலில் கிடந்தபோதும் சொல்லவில்லை, கங்காணி வேலை பறிபோனபோதும் சொல்லவில்லை. கடைசியில் ஒப்பந்தம் ஆனது. பஞ்சப்படி வந்தது, அரிசியும் வந்தது. வீடு என் வீட்டுக்காரர் பெயரில் இருந்ததால் தப்பியது. முதல் அரிசியில் வடித்த சோற்றை என் மகள் இரண்டு கையாலும் அள்ளித் தின்றாள். அதைப் பார்த்து நான் சந்தோஷப்பட்டேன், பெரியக்காவை நினைத்து அழவும் செய்தேன்.

ஜாமீனில் வந்த மாமாவுக்கு யூனியன் ஆபீஸில் மாலை போட்டார்கள். தலைவர் அவரை வீரர் என்றார். மாமா மாலையைக் கழற்றி மேஜை மேல் வைத்தார். உடைந்த தாடையோடு வார்த்தைகளை மென்று மென்று சொன்னார்: "நான் எவனுக்கும் சமரம் போராட்டம்னு பண்ணல. எங் காட்டுப் பொம்பளையள எடைக்குக் கூப்புட்டேன். அம்புட்டுத்தான்."

அதற்கப்புறம் அவரால் கெட்டியாக எதையும் மெல்ல முடியவில்லை. நான் கப்பையையும் சோற்றையும் மசித்துக் கொடுப்பேன். ஒருநாள் மத்தியானம் கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டு சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தார். என்ன மாமா என்றேன். "அவ மொதல்ல பிந்தி வாறவதான். அன்னைக்கும் பிந்தி வந்திருந்தா பொழச்சிருப்பா. நாந்தான் அடிச்சுப் பழக்குனேன்" என்றார். இல்லை மாமா என்று சொல்லியிருக்கலாம். கிண்ணத்தை வாங்கி இன்னும் கொஞ்சம் மசித்துக் கொடுத்தேன். எங்களை அந்த லத்திக்குக் கொண்டுபோய் விட்டதும் அவர் விசில்தான், அங்கிருந்து பிடுங்கிக்கொண்டு வந்ததும் அவர் விசில்தான். நான் அவரை மன்னித்தேன் என்று எழுதினால் பொய். சாகும்வரை ஒருவேளையும் தவறாமல் மசித்துக் கொடுத்தேன் என்பது உண்மை.

இப்போது என் மகள் அதே எஸ்டேட்டில் கொழுந்து வெட்டுகிறாள். கிள்ளுவது போய்க் கத்தரி வந்துவிட்டது. போன மாதம் கூலி பாக்கிக்காகப் பெண்கள் டவுனுக்கு ஜாதை போவதாகப் பேச்சு வந்தது. வேலை முடிந்து வந்தவள் என் பக்கத்தில் உட்கார்ந்து, "நான் போகவாம்மா?" என்று கேட்டாள். மாமா பிரம்பால் அடித்த கதவு எப்போதோ விறகாகிவிட்டது. ஆனால் அந்தச் சத்தம் காதில் கேட்டது.

"போ" என்றேன். "விசில் சத்தம் கேட்டா மட்டும் அந்தப் பக்கம் போகாத. எவன் ஊதுனாலும் சரி."

அவள் சிரித்தாள். இப்போது எடைக்குச் சூப்பர்வைசர் செல்போனில் கூப்பிடுகிறார், யாரம்மா விசில் ஊதுகிறார்கள் என்றாள். பெட்டியைத் திறந்து, இதுதானே தாத்தா விசில் என்று எடுத்துத் துடைத்து, விளையாட்டாக வாயில் வைத்து ஊதினாள். சத்தமே வரவில்லை, புஸ்ஸென்று காற்றுதான். அவள் ஏன் சிரிப்பை நிறுத்தினாள் என்று முதலில் எனக்குப் புரியவில்லை. பிறகு பார்த்தேன். நான் எழுந்து நின்றுகொண்டிருந்தேன். என் கை தலையில் இருந்தது.