மேப்பிள் சரிவில் ஒரு தூது

அந்தக் காலத்தில் என் அப்பாவும் பெரியப்பாவும் பேசிக்கொள்வதில்லை. அதற்காக முறைத்துக்கொண்டு திரிந்தார்கள் என்று இல்லை. ஒரே மேஜையில் உட்கார்ந்து சாப்பிடுவார்கள், கோயிலில் ஒரே வரிசையில் நிற்பார்கள். சொல்ல வேண்டியதை மட்டும் என்னிடம் சொல்வார்கள். "கார் லைட் எரியுதுன்னு உங்க பெரியப்பாகிட்ட சொல்லு" என்பார் அப்பா. பெரியப்பா இரண்டடி தள்ளித்தான் நின்றுகொண்டிருப்பார். நான் அவர் பக்கம் திரும்பி, "யுவர் லைட்ஸ் ஆர் ஆன்" என்பேன். எனக்குத் தமிழ் நன்றாகப் புரியும், வாயைத் திறந்தால் ஆங்கிலம்தான் வரும். அதனால் அப்பாவின் பேச்சில் இருக்கும் காரம் என் வழியாகப் போய்ச் சேரும்போது பாதி குறைந்துவிடும். இந்த உத்தியோகத்துக்கு என்னைவிடப் பொருத்தமான ஆள் இரண்டு குடும்பத்திலும் கிடையாது.

ஆனால் எனக்கு அதில் ஒரே பயம். ஒருநாள் அம்மா போனில் பெரியம்மாவிடம், "இப்படியே விட்டா ரெண்டு வீடும் பிரிஞ்சிடும்க்கா" என்று சொல்லி அழுததைக் கேட்டிருந்தேன். நான் ஒரு வார்த்தையை மாற்றிச் சொல்லிவிட்டால் அது நடந்துவிடும் என்று எட்டு வயதில் நானாகவே முடிவு செய்துகொண்டேன். 

நாங்கள் அமெரிக்காவில், நியூ ஜெர்சியின் நடுவே பிளெய்ன்ஸ்பரோவில் அப்பார்ட்மென்டில் இருந்தோம். பெரியப்பா அதே மாநிலத்தின் வடக்கு மூலையில், மலைச்சரிவும் மரங்களுமாக ஒரு வீடு வாங்கியிருந்தார். மரங்கள் பெரும்பாலும் மேப்பிள். கடையில் ஒரு பாட்டில் சிரப், அதாவது மேப்பிள் சாற்றுப் பாகு, வாங்கினால் முடிகிற விஷயம்தான், ஆனால் பெரியப்பா எஞ்சினியர். மரங்களில் துளை போட்டு, அதில் வடியும் சாற்றை மெல்லிய குழாய்களில் இறக்கி, அவற்றையெல்லாம் ஒரு பெரிய குழாயில் சேர்த்து, வீட்டுக்குப் பின்னால் ஒரு தொட்டியில் விழ வைக்கப் போகிறேன் என்றார். பிறகு அதைக் காய்ச்சி அடைக்குத் தொட்டுக்கொள்வாராம். "அடைக்கு வெல்லம்தான்னு சொல்லு" என்றார் அப்பா. அதையும் நான் போய்ச் சொன்னேன்.

பெரியப்பாவுக்கு உதவுவதாக இருந்த பக்கத்து வீட்டுக்காரர் பனியில் வழுக்கி விழுந்ததில் அவருக்குக் கை பிசகிவிட்டது. அடுத்த வாரம் வெயில் வந்துவிட்டால் சாறு ஓட ஆரம்பித்துவிடும். அதற்குள் குழாய் போட்டாக வேண்டும், ஒற்றை ஆளால் முடியாத வேலை. பெரியம்மா அம்மாவுக்குப் போன் செய்தார். அம்மா அப்பாவிடம் சொன்னார். "வேலை செய்யப் போறேன். பேசச் சொல்லாத" என்று சொல்லிவிட்டு அப்பா என்னைக் காரில் ஏற்றிக்கொண்டார்.

பெரியப்பாவின் சரிவில் முழங்கால் வரை பனி. வீட்டிலிருந்து மரங்களை நோக்கிக் கிளம்பும்போது பெரியம்மா என் தொப்பியை இழுத்துவிட்டு, "கரடி எல்லாம் இப்ப தூங்கிட்டிருக்கும், பயப்படாதடி" என்றார். அதுவரை எனக்குக் கரடி ஞாபகமே வரவில்லை.

முதலில் சிறிய குழாய்கள். என் கையில் வெந்நீர் பிளாஸ்க். குழாயின் நுனியை வெந்நீரில் முக்கினால் இளகும். இளகிய சூட்டிலேயே அதை T வடிவ இணைப்பில் அழுத்திச் சொருக வேண்டும், ஆறியதும் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும். அப்பா குழாயைப் பிடிக்க, பெரியப்பா சொருகினார். நான்கு கைகளும் ஒரே ஆளுடையவை மாதிரி வேலை செய்தன, வாய்கள் மட்டும் திறக்கவில்லை. "தி வாட்டர் காட் கோல்ட்." "ஹி சேஸ் புல் எ லிட்டில் மோர்." இப்படிச் சின்னச் சின்னத் தூதாகப் போய்க்கொண்டிருந்ததில் எனக்குக் கொஞ்சம் தைரியம்கூட வந்தது.

அப்புறம் கம்பி வேலை வந்தது. பெரிய குழாய் தொய்யாமல் இருக்க, சரிவின் மேலிருந்து கீழ்வரை ஒரு இரும்புக் கம்பியை விறைப்பாகக் கட்டி, அதன்மேல் குழாயைப் படுக்க வைக்க வேண்டும். மேலே அப்பா கம்பியை மரத்தில் சுற்றி, கிளாம்ப் என்ற இரும்புக் கவ்வியைப் போட்டார். கீழே பெரியப்பா கைப்பிடி வைத்த ஒரு முறுக்கியால் அதை இறுக்கினார். ஒவ்வொரு இழுப்புக்கும் 'கடக்' என்று ஒரு சத்தம். குரல் கொடுத்தால் கேட்கிற தூரம்தான், ஆனால் யார் கொடுப்பது? நடுவில் என்னை நிறுத்தினார்கள். சுற்றிலும் ஒரே மாதிரி மரங்கள், ஒரு பறவைச் சத்தம்கூட இல்லை. கம்பி இறுக இறுக அதிலிருந்து மெல்லிய முனகல் வந்தது. நான் அதைவிட்டு இரண்டடி தள்ளி நின்றுகொண்டேன்.

"நிறுத்தச் சொல்லு! கிளாம்ப் நழுவுது!" என்றார் அப்பா, என்னிடம்.

ஓடினேன். இரண்டு முறை விழுந்தேன். பெரியப்பா முன்னால் போய் நின்றபோது மூச்சு மட்டும்தான் இருந்தது. "உங்க அப்பன் என்ன சொல்றான்?" என்று கேட்டுக்கொண்டே அவர் இன்னொரு இழுப்பு இழுத்தார். கடக். என் வாய் திறந்தது. தமிழும் வரவில்லை, ஆங்கிலமும் வரவில்லை. நான் சொல்லாததால் பெரியப்பா சாகப் போகிறார் என்பது மட்டும் எனக்கு மிகத் தெளிவாகத் தெரிந்தது.

அப்போது மேலிருந்து அப்பாவின் குரல் வந்தது. "அண்ணா! விட்டுடு! குனி அண்ணா, குனி!"

பெரியப்பா என்னை இழுத்துக்கொண்டு பனியில் விழுந்தார். எங்கள் தலைக்கு மேல் கம்பி சாட்டை மாதிரி சுழன்று போய், பக்கத்து மேப்பிளின் பட்டையைச் சீவிக்கொண்டு நின்றது. நான் அவருடைய கோட்டுக்கு அடியில் இருந்தேன். அவர் நெஞ்சு அடித்துக்கொள்வது எனக்குக் கேட்டது.

அப்பா பாதி ஓடியும் பாதி சறுக்கியும் வந்து சேர்ந்தார். வந்ததும் வராததுமாக ஆரம்பித்துவிட்டார். "அறிவிருக்கா உனக்கு? குழந்த ஓடி வர்றா, அவ மூஞ்சியப் பாத்தாவது நிறுத்த மாட்டியா?"

"கிளாம்ப ஒழுங்கா டைட் பண்ணத் துப்பில்ல, என்னைச் சொல்ல வந்துட்டான்!"

நான் பனியில் உட்கார்ந்தபடியே பார்த்தேன். அவர்கள் அப்படிக் கத்தி நான் கேட்டதே இல்லை. கிளாம்பில் ஆரம்பித்தது எங்கெங்கோ போய், இந்தியாவில் இறந்துபோன தாத்தாவிடம் வந்து நின்றது. "மூத்தவன் நீ. கொள்ளி வைக்கக்கூட வரலை. ஊரே கேட்டுச்சு, தனியா நின்னு பதில் சொன்னேன்" என்றார் அப்பா.

"கிரீன் கார்ட் நடுவுல நிக்குது, இப்பக் கிளம்பினா திரும்பி வர முடியாதுன்னு லாயர் சொன்னான்டா. பசங்க ஸ்கூல்ல இருக்காங்க. நான் என்னடா பண்ணுவேன்?"

"அதை என்கிட்ட சொல்றதுக்கென்ன?"

"நீ என் போனை எடுத்தியாடா? ஒரு தடவையாவது எடுத்தியா?"

அப்பா பனியிலேயே உட்கார்ந்துவிட்டார். பெரியப்பா விடவில்லை, இன்னும் கத்திக்கொண்டிருந்தார். நான் இரண்டு காதுகளையும் பொத்திக்கொண்டேன். எதற்குப் பயந்துகொண்டிருந்தேனோ அது நடந்துவிட்டது, நடந்தது என்னால்தான்.

திரும்பும் வழியில் அப்பா ஒரு கையால் காரை ஓட்டினார். அடிக்கடி கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஹீட்டர் காற்று கண்ணில் படுகிறது என்று நினைத்துக்கொண்டேன்.

வீட்டுக்குள் நுழைந்ததும் அப்பா குளிக்கப் போய்விட்டார். நான் அம்மாவின் மடியில் விழுந்து எல்லாவற்றையும் சொன்னேன். கம்பியை, கத்தலை, என் வாயில் வார்த்தை வராமல் போனதை. கம்பி என்றதும் அம்மா பதறிப்போய் என் கை கால்களைத் தடவிப் பார்த்தார். பிறகு ஒரு கேள்வியையே திரும்பத் திரும்பக் கேட்டார்.

"ரெண்டு பேரும் நேரா பேசிக்கிட்டாங்களா? அப்பா பெரியப்பாவ அண்ணான்னு கூப்பிட்டாங்களா?"

"நோ அம்மா, ஹி ஷவுட்டட் இட். தே வேர் சோ ஆங்ரி" என்றேன்.

அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழ ஆரம்பித்தார். எனக்குத் தெரிந்துவிட்டது. இரண்டு வீடும் பிரிந்தே விட்டது. அடுத்த தடவை இன்னும் வேகமாக ஓடிப் போய்ச் சொல்லிவிடுகிறேன் என்று அம்மாவின் கையைப் பிடித்துக் கெஞ்சினேன்.

அம்மா என் தலையைத் தடவி, "வேணாம்டி கண்ணு. இனிமே நீ யார்கிட்டயும் எதுவும் போய்ச் சொல்ல வேணாம்" என்று சொல்லிவிட்டுப் பெரியம்மாவுக்குப் போன் போட எழுந்து போனார்.

சரியாகச் செய்யாததால் என்னை வேலையை விட்டு எடுத்துவிட்டார்கள் என்று புரிந்துகொண்டு, பனி ஈரம் காயாத ஷூவைக்கூடக் கழற்றாமல், நான் அழுதுகொண்டே தூங்கிப்போனேன்.